சின்னக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டுப் போனபோது: பினாங்கு அனுபவம்

மலேசியாவில் 2023 ஆகஸ்டு 12ஆம் தேதி பினாங்கு உட்பட ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஒரு தொகுதியில் நாங்களும் வேட்பாளரை நிறுத்தினோம். ஆளும் கூட்டணியிலும் சேராமல், பெரிய எதிர்க்கட்சிக் கூட்டணியிலும் சேராமல் தனியாக நிற்கும் ஒரு சின்னக் கட்சி எங்களுடையது. பெயரை எழுதினால் பேச்சு முழுக்க அந்தக் கட்சியைச் சுற்றியே போய்விடும், களத்தில் செய்த வேலையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். எனக்குக் கொடுத்த பொறுப்பு இரண்டு: கணக்கு வழக்கு, வாக்குச்சாவடி முகவர்கள். அது போக, எல்லாரையும் போல மாடி ஏறி இறங்கி ஓட்டும் கேட்டேன்.

நாங்கள் தோற்றோம். டெபாசிட்டும் போனது. ஆனாலும் இதை எழுதக் காரணம், அடுத்த முறை களத்தில் இறங்க நினைக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். எவ்வளவு காசு வேண்டும்? எத்தனை ஆள் வேண்டும்? "ஓட்டைப் பிரிக்க வந்தீங்களா"னு கேட்டால் என்ன சொல்வது? தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காசிலிருந்து தொடங்கலாம். சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளர் வைப்புத்தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்). பிரச்சாரப் பொருள்களுக்கு இன்னொரு வைப்புத்தொகை 3,000 வெள்ளி. நாடாளுமன்றம் என்றால் 10,000, அதோடு 5,000. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூட வாங்காத வேட்பாளரின் வைப்புத்தொகை திரும்பி வராது. பிரச்சாரப் பொருள்களுக்கான தொகை மட்டும், தேர்தல் முடிந்ததும் கொடி, பேனர் எல்லாவற்றையும் கெடுவுக்குள் கழற்றிவிட்டால் கைக்கு வந்துவிடும். பெரிய கட்சிக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு இதைத் திரட்டுவதே பாதித் தேர்தல்.

நாங்கள் இரண்டு நோட்டுப் போட்டோம். ஒன்று டெபாசிட் நிதி, மற்றொன்று பிரச்சார நிதி. டெபாசிட் நிதிக்குக் காசு கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்: "இது திரும்பி வராமல் போகலாம், தெரிந்துதான் கொடுக்கிறீர்களா?" ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஐம்பது வெள்ளியை நீட்டியபடி, "கோயில் உண்டியல்ல போட்டா திரும்பியா கேக்கிறேன்?" என்றார். அப்படிச் சொல்லி வாங்கியதால், தோற்ற பிறகு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு நிதியையும் ஒன்றாகக் கலந்த இடங்களில், தேர்தலுக்குப் பிறகு சொந்த ஆதரவாளர்களே "காசு எங்கே போச்சு" என்று கேட்டு மனஸ்தாபம் ஆனதைப் பார்த்திருக்கிறேன். பத்து வெள்ளியாக இருந்தாலும் ரசீது எழுதிக் கொடுங்கள். ரசீதுப் புத்தகத்தை வைத்திருப்பவரும் வங்கியில் காசு போடுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.

அப்புறம் வேட்புமனு. பார்ப்பதற்குச் சின்ன வேலை, ஆனால் இங்கே சறுக்கினால் அதோடு கதை முடிந்தது. 2018 பொதுத்தேர்தலில் நெகிரி செம்பிலான் ரந்தாவ் தொகுதியில் பி.கே.ஆர். கட்சியின் டாக்டர் ஸ்ரீராமுக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தேர்தல் ஆணையத்தின் அனுமதி அட்டை கையில் இல்லை என்று வேட்புமனு மையத்துக்குள்ளேயே அவரை விடவில்லை. எதிராளி போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். அவர் வழக்குப் போட்டு, தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்து, 2019 ஏப்ரலில்தான் இடைத்தேர்தல் வந்தது. அதே 2018இல் கோலாலம்பூரின் "பத்து" என்ற நாடாளுமன்றத் தொகுதியில் அதே கட்சியின் தியான் சுவாவின் மனு, நீதிமன்றம் விதித்த அபராதம் ஒன்றைக் காரணம் காட்டி நிராகரிக்கப்பட்டது. சுயேச்சையாக மனுப் போட்டிருந்த 22 வயது பிரபாகரனுக்குத் தியான் சுவாவின் கட்சி ஆதரவு கொடுத்தது. பிரபாகரன் ஜெயித்து நாடாளுமன்றத்துக்கே போனார். பெரிய கட்சிகளுக்கே இப்படி என்றால், வழக்குப் போடக்கூடக் காசில்லாத நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

அதனால் மனுவை நிரப்பி, முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள்தானா என்று வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்து, சத்தியப் பிரமாணம் முடித்து, தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எடுத்துப் போய்க் காட்டிவிட்டோம். மனுத்தாக்கலுக்கு முன் யார் கொண்டுபோனாலும் சரிபார்த்துத் தருவார்கள். கையெழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவா, ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், இருப்பதைவிடப் பெயரில் ஓர் எழுத்து கூடக்குறைய இருக்கிறதா என்று அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். நம் பெயர்களில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கான "ஏ/எல்", "ஏ/பி" வருகிற இடத்தில்தான் தடுமாற்றம் அதிகம். ஐ.சி.யில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். மனுத்தாக்கல் நாளில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை, ஒரே ஒரு மணி நேரம்தான். முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் முந்தின இரவே பக்கத்து வீட்டில் தங்க வைத்தோம். காலை நேரத்தில் அந்தப் பக்கச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்று பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வீடு வீடாகப் போவது. சின்னக் கட்சியிடம் விளம்பரத்துக்குக் காசு இல்லை, கால்தான் இருக்கிறது. எங்கள் தொகுதியில் மலிவு விலை அடுக்குமாடிகள் நிறைய. பாதிப் பேர் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட், பிற்பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வீட்டுக்கு வீடு நேரம் மாறும். பகலில் தட்டினால் இரவு வேலை முடித்துத் தூங்குபவரை எழுப்பிவிடுவோம். அவருடைய ஓட்டு அப்போதே போச்சு. வாரநாள்களில் மாலை ஆறிலிருந்து எட்டு, சனி ஞாயிறு காலை பத்துக்கு மேல், இதுதான் எங்களுக்கு ஒத்து வந்தது. லிப்ட் வேலை செய்தால் முதலில் மேல்மாடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி வாருங்கள். கீழேயிருந்து தொடங்கினால் ஐந்தாவது மாடியோடு மூச்சு வாங்கித் திரும்பிவிடுவோம், மேலே இருப்பவர்கள் யாரையும் பார்க்கவே முடியாது. நிறையக் கட்சிக்காரர்கள் அப்படித்தான் திரும்பிப் போகிறார்கள் என்று பத்தாவது மாடிக்காரர்கள் எங்களிடம் சொன்னார்கள்.

ஒருநாள் மாலை ஒரு வீட்டில் கதவு திறந்திருந்தது, கிரில் மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே ஓர் அக்கா தரையில் போர்வையை மடித்துப் போட்டுத் தொழிற்சாலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே செருப்பு அலமாரிக்கு மேலே மின்சாரக் கட்டண ரசீதுகளைக் கல் வைத்து அடுக்கியிருந்தார்கள். நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "லிப்ட் ரிப்பேருக்குக் கையெழுத்து வாங்க வந்தீங்களே, அந்த ஆளுங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து வந்து கிரிலைத் திறந்தார். தேர்தல் நேரத்தில் கிரிலைத் திறக்கும் வீடுகள் குறைவு. கம்பிக்கு இடையில் கையை நீட்டித் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு போகச் சொல்பவர்கள்தான் அதிகம்.

உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்த பிறகு அந்த அக்கா மனசில் இருந்ததைச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க நல்லவங்கதான். ஒங்களுக்குப் போட்டா பச்சை வந்துடுமே, அதான் பயமா இருக்கு."

அந்தத் தேர்தல் முழுக்க எங்களை எதிர்த்து நின்றது இந்த ஒரு வாக்கியம்தான். பச்சை என்று அவர் சொன்னது, இஸ்லாமியக் கட்சியான பாஸ் இருக்கும் எதிர்க்கட்சிக் கூட்டணி பெரிக்காத்தானை. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் பெருநிலத்தில் பெர்மாத்தாங் பாவ், தாசேக் குளுகோர், கப்பாளா பத்தாஸ் மூன்றையும் பெரிக்காத்தான் பிடித்திருந்தது. பெர்மாத்தாங் பாவில் அன்வார் இப்ராஹிமின் மகள் நூருல் இஸ்ஸாவே தோற்றார். அதைக் கண்ணால் பார்த்த மக்களிடம் போய், "பயப்படாதீங்க, கொள்கைக்கு ஓட்டுப் போடுங்க" என்று சொன்னால் எடுபடாது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பயப்படுகிறவரைக் கிண்டல் செய்கிற தொண்டரை அடுத்த நாளே வீடு வீடாகப் போகும் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது எண்கள். தொகுதியின் முந்தைய முடிவுகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன். யாருக்கு எவ்வளவு, பெரும்பான்மை எவ்வளவு, எத்தனை பேர் ஓட்டுப் போடவே வரவில்லை. அதை அக்காவிடம் காட்டினேன். "இங்க பெரும்பான்மை இவ்வளவு பெருசு. நாங்க எத்தனை ஓட்டு வாங்குனாலும் பச்சை உள்ள வர வழியில்ல. ஆனா எங்களுக்கு நாலு ஓட்டு விழுந்தா, இந்த லிப்ட் விஷயத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. அடுத்த தடவை கண்டுக்காம இருக்க முடியாது." அவர் அந்தத் தாளை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். போட்டாரோ இல்லையோ தெரியாது, யாருக்குப் போட்டீங்க என்று நாங்கள் கேட்பதும் இல்லை. ஆனால் அந்த மாடியில் மற்ற வீடுகளுக்கு அவரே கூடவே வந்து, "நம்ம புள்ளைங்கதான், பேசுங்க" என்று அறிமுகம் செய்து வைத்தார்.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெரும்பான்மை பெரிதாக இருக்கும் தொகுதியில் "ஓட்டுப் பிரியும்" என்ற வாதத்துக்கு அர்த்தம் இல்லை. ஆனால் சில நூறு ஓட்டில் முடிவு மாறக்கூடிய தொகுதியில் அந்த வாதம் நியாயமானது. அங்கே நிற்பது பற்றிப் பேச்சு வந்தால் நான் கட்சிக்குள்ளேயே எதிர்த்துத்தான் பேசுவேன். தொகுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துவிட்டால், வாசலில் நின்று மக்களிடம் மழுப்ப வேண்டியிருக்காது.

இன்னொரு வாதம், "சின்னக் கட்சி எங்கே ஜெயிக்கப் போகுது" என்பது. அதற்குப் பினாங்குக்காரர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே பார்த்ததுதான். பட்டர்வொர்த்தில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். 1968இல் தொடங்கிய கெராக்கான் கட்சி மறு வருஷமே இந்த மாநிலத்தைப் பிடித்தது. அன்று எதிர்க்கட்சி. பிறகு ஆளும் கூட்டணியில் சேர்ந்து 2008 வரை முதலமைச்சர் பதவி அவர்களிடமே இருந்தது. 2008 மார்ச்சில் பினாங்கில் ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. ராக்கெட் சின்னத்து டி.ஏ.பி. கட்சியின் கதை நேர்மாறு. 2004இல் 40 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. நான்கு வருஷம் கழித்துப் பத்தொன்பது. "பெருசு சிறுசாகும், சிறுசு பெருசாகும், இந்த ஊர்ல நான் ரெண்டையும் பாத்துட்டேன்" என்றார் அவர்.

ஆனால் அந்தப் பெரியவரிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்ல வேண்டும். 2008 தானாக வரவில்லை. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணியில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்ற நம் மக்களின் ஆத்திரம் அதில் இருந்தது. விலைவாசி இருந்தது. பல வருஷம் தோற்றுக்கொண்டே கிளையைக் கலைக்காமல் வைத்திருந்தவர்களின் உழைப்பும் இருந்தது. அலை வரும்போது தொகுதியில் அலுவலகமும் ஆளும் இருக்கிற கட்சிக்குத்தான் அந்த ஓட்டுப் போகும்.

கொடி, பேனர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கட்சியோடு அதில் போட்டி போடாதீர்கள். முக்கியமான சந்திப்புகளிலும் வாக்களிப்பு மையத்துக்குப் போகிற வழியிலும் மட்டும் வைத்தோம், போதுமாக இருந்தது. துண்டறிக்கையில் தமிழ், மலாய், சீனம் மூன்றும் இருக்கட்டும். இளையவர்கள் பலர் மலாயில்தான் வேகமாகப் படிக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் தமிழில் இருந்தால்தான் கையில் வைத்துக்கொள்கிறார்கள். டிக்டாக்கில் வேட்பாளர் மாடிப்படியில் நின்று பேசிய ஒரு நிமிட வீடியோ, செலவு செய்து எடுத்த வீடியோவைவிட அதிகம் பேரிடம் போனது.

வாக்குச்சாவடி முகவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சின்னக் கட்சிகள் கோட்டை விடுவது இங்கேதான், கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதும் இங்கேதான். "பாக்கா" என்று எல்லாரும் சொல்வது இவர்களைத்தான். ஒரு தொகுதியில் பல பள்ளிகள், ஒவ்வொரு பள்ளியிலும் பல சாலுரான்கள், அதாவது வாக்காளர்களைப் பிரித்து ஓட்டுப் போட வைக்கும் அறைகள். ஒவ்வொரு சாலுரானிலும் ஓட்டுப் போடும்போது ஒரு முகவர், எண்ணும்போது ஒரு முகவர் உட்காரலாம். பெரிய கட்சி எல்லா இடத்துக்கும் ஆள் போடும். எங்களிடம் அவ்வளவு ஆள் இல்லை. இருந்தவர்களை எல்லாப் பள்ளிக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்காமல், நாங்கள் வீடு வீடாகப் போன அடுக்குமாடிகளின் மக்கள் ஓட்டுப் போடும் பள்ளிகளில் மட்டும் எல்லாச் சாலுரானுக்கும் ஆள் போட்டோம். பகலில் முகவர்களை மாற்றி மாற்றி உட்கார வைக்கலாம். எண்ணும் நேரத்துக்கு மட்டும் உங்களில் கெட்டிக்காரர்களை வையுங்கள். மாலை ஆறு மணிக்கு வாக்களிப்பு முடிந்து அதே அறையில் எண்ணத் தொடங்கும்போது, காலையிலிருந்து உட்கார்ந்தவர் களைத்துப் போயிருப்பார். அதனால் எண்ணுபவர்கள் மத்தியானம் வரை வீட்டில் தூங்கிவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டோம்.

அதிகாரி ஒவ்வொரு வாக்குச்சீட்டாக எடுத்து எல்லா முகவருக்கும் தெரியும்படி காட்டி, யாருக்கு என்று சொல்வார். செல்லாத ஓட்டு என்று ஒதுக்குவதில் சந்தேகம் இருந்தால் அப்போதே கை தூக்கிக் கேட்க வேண்டும். குரலை உயர்த்தத் தேவையில்லை. "இன்னொரு முறை காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். முடிந்ததும் 14ஆம் எண் பாரத்தில், போராங் 14 என்பார்கள், எல்லாத் தொகையையும் எழுதுவார்கள். கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டியில் இருந்தது எத்தனை, செல்லாதது எத்தனை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். கூட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு, நம் நகலை வாங்காமல் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. முதல் முறை போன எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே சமூக மண்டபத்தில் பழைய பெட்டி ஒன்றை வைத்து ஒத்திகை நடத்தினோம். சீட்டு மாதிரி வெட்டி, சிலவற்றில் இரண்டு கட்டத்திலும் கோடு போட்டு, சிலவற்றில் ஓரத்தில் கிறுக்கி, எது செல்லும், எது செல்லாது என்று வாக்குவாதம் செய்ய விட்டோம். அந்த ஒத்திகைக்குச் செலவு ஒன்றுமில்லை. தேர்தல் இரவில் எங்கள் முகவர் ஒருவர் ஒதுக்கி வைக்கப்பட்ட சீட்டு ஒன்றைக் கேட்டுத் திரும்பப் பார்க்க வைத்து, அது செல்லும் என்று எடுத்துக்கொள்ளச் செய்தார். ஓட்டு எங்களுக்கு விழுந்ததுகூட இல்லை, வேறு கட்சிக்கு. அந்தக் கட்சியின் முகவர் வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்தப் பாரங்களின் அருமை மறுநாள்தான் தெரியும். நம் நாட்டில் சாலுரான்கள் வயதுப்படி பிரிக்கப்படுகின்றன. முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசிச் சாலுரானில் இளையவர்கள். ஆகவே 14ஆம் எண் பாரங்களைப் பள்ளிவாரியாக, சாலுரான்வாரியாக மேசை மேல் பரப்பினால், எந்தப் பேட்டையில் எந்த வயதுக்காரர்கள் நமக்குப் போட்டார்கள் என்பது கண்ணெதிரே நிற்கும். எங்கள் மொத்த விழுக்காடு எட்டில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் லிப்ட் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய அடுக்குமாடிக்காரர்கள் ஓட்டுப் போட்ட பள்ளியில், நடுத்தர வயதுச் சாலுரான்களில் எங்கள் பங்கு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. பிரச்சார நாள்களில் மட்டும் போன பேட்டைகளில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இளையவர்கள் சாலுரானில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 18 வயதினருக்கு வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, புதுக் கட்சிகள் எல்லாமே இளையவர்கள் தங்களுக்குத்தான் போடுவார்கள் என்று நம்புகின்றன. அதே 2023 தேர்தலில் இளையவர்களை நம்பி வந்த மூடா கட்சி 19 இடங்களில் நின்று ஓர் இடத்திலும் ஜெயிக்கவில்லை. வயது குறைவு என்பதற்காக யாரும் புதுக் கட்சிக்குப் போட்டுவிடுவதில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறுதியாகப் புரிந்தது. பிரச்சாரத்துக்குக் கொடுக்கும் 14 நாளில் ஒரு சின்னக் கட்சி புதிதாக எந்த ஓட்டையும் சம்பாதிப்பதில்லை. முந்தைய வருஷங்களில் சம்பாதித்ததை அந்த 14 நாளில் எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதனால் தொகுதி முழுக்கச் சுற்றிக் களைத்துப் போவதைவிட, நாலு பேட்டையை எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அங்கேயே கிடப்பது மேல்.

ஊராட்சித் தேர்தல் இருந்திருந்தால் சின்னக் கட்சிக்கு அந்த நாலு பேட்டையே போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்ததே ஜார்ஜ்டவுனில்தான், 1951 டிசம்பரில். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயரானவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன், நம்மவர். அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் தீவில் இருக்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், இன்று வரை திரும்ப வரவில்லை. குப்பை, வடிகால், லிப்ட், விளையாட்டுத் திடல், நாங்கள் ஓடி ஓடிச் செய்கிற வேலை எல்லாம் நகராண்மைக் கழகத்து வேலைதான். அந்த வேலைக்கு நேராக ஓட்டுக் கேட்க வழியில்லாமல், அதைக் காட்டிச் சட்டமன்றத்துக்கு ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பெரிய ஆதங்கம். எந்தச் சின்னக் கட்சியாக இருந்தாலும் ஊராட்சித் தேர்தல் கோரிக்கையை முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோற்ற மறுநாள் யாருக்கும் எதையும் செய்ய மனசு வராது. ஆனால் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று கொடிகளைக் கழற்றுவது, அந்த 3,000 வெள்ளிக்காக. இன்னொன்று செலவுக் கணக்கு. தோற்றவரும் கணக்குக் காட்டியாக வேண்டும். முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் வேட்பாளரின் செலவு அறிக்கை தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஐந்து வருஷத்துக்கு வேட்பாளராகும் தகுதியே போய்விடும், அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு ஒரு லட்சம் வெள்ளி. நம் செலவு அதன் பக்கத்தில்கூடப் போகாது, ஆனாலும் ரசீது வேண்டும். நான் முதல் நாளிலிருந்தே பிஸ்கட் டின் ஒன்றை நடவடிக்கை அறையில் வைத்து, பெட்ரோல், நாசி பொட்டலம், போட்டோகாப்பி என எல்லா ரசீதையும் அன்றன்றைக்கே தேதி எழுதிப் போடச் சொல்லிவிட்டேன். வெயிலில் மங்கிப் போகும் ரசீதுகளைப் போனில் படம் எடுத்தும் வைத்தோம். பிரச்சாரம் முடிந்த பிறகு ரசீது தேடினால் கிடைக்காது. தொண்டர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், போனைக்கூட எடுக்கமாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளமில்லா விடுப்பு எடுத்து வந்தவர்கள் அதில் பல பேர். தேர்தல் முடிந்த இரண்டாவது வாரம் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, அந்தப் பாரங்களைக் காட்டினோம். யார் போன மாடியில் எத்தனை ஓட்டு என்று பார்த்தபோது பிள்ளைகளின் முகம் மாறியது. மொத்தத் தொகையை மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அதோடு போயிருப்பார்கள். இப்போது மாதம் ஒரு ஞாயிறு அதே அடுக்குமாடிகளின் கீழே மேசை போட்டு உட்காருவது அவர்கள்தான்.

அந்த மேசையில் இப்போது அதிகம் பார்ப்பது விலாச வேலை. வாக்காளர் பட்டியலோடு மாடி ஏறியபோது, பத்து வீட்டில் பேசினால் சில வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தொகுதியில் ஓட்டே இல்லை என்பது தெரிந்தது. ஐ.சி.யில் இன்னும் பக்கத்துக் கெடா மாநிலத்தின் கூலிம் விலாசம், சுங்கை பட்டாணி விலாசம், எப்போதோ இடிக்கப்பட்ட தோட்டத்து லயத்து விலாசம். தானியங்கிப் பதிவில் இளையவர்களின் பெயர் அந்தப் பழைய விலாசத்துக்கே போய்விட்டது. இங்கே லிப்ட் பழுதாகித் தவிப்பவரின் ஓட்டு கெடாவில் இருக்கிறது. ஐ.சி.யில் விலாசத்தை மாற்றினால் ஓட்டும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மாறாது. முதலில் பதிவிலாகாவில் ஐ.சி. விலாசத்தை மாற்ற வேண்டும், அப்புறம் தேர்தல் ஆணையத்தில் வாக்களிக்கும் தொகுதியை மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களின் போனிலேயே ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து, புதுத் தொகுதி வந்துவிட்டதா என்று சில மாதம் கழித்துப் பார்த்தும் கொடுக்கிறோம். அவர் எந்தக் கட்சிக்குப் போடுவார் என்று மேசையில் கேட்பதில்லை. தேர்தல் அறிவித்த பிறகு இதைச் செய்தால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. பினாங்கில் அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028வாக்கில் வர வேண்டும், அதற்குள் எங்கள் நாலு பேட்டையிலும் இந்த வேலையை முடித்துவிடப் பார்க்கிறோம்.